மலையாளம் தெரிந்தவள்

மலையைத் தாண்டுகிற கணவாயான மெட்டுக்கு இன்னும் இரண்டு வளைவு இருக்கும்போது ஜீப்புக்குள் இருந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. இடுப்பில் செருகியது, தூக்குவாளிப் பைக்குள் போட்டது, ரவிக்கைக்குள் பர்ஸோடு சுருட்டி வைத்தது என்று ஒன்று பாக்கியில்லை. தூங்கி வழிந்துகொண்டிருந்த பெண்கள் பதறி எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். டிரைவர் தங்கபாண்டி பிரேக்கை மிதித்தான். சாய்ந்து நின்ற ஜீப்பில் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து, வைதுகொண்டே நிமிர்ந்து, அவரவர் போனை எடுத்துப் பார்த்தார்கள். பார்த்து என்ன செய்ய? சிவப்பு முக்கோணம் ஒன்று, அதற்குக் கீழே பிழிந்துவிட்ட ஜிலேபி மாதிரி மலையாள எழுத்து. மலையடிவாரத்துத் தமிழ் ஊரான கோம்பைக்காரிகளுக்கு அதில் தலை எது, வால் எது என்று தெரியாது. போனைப் பார்த்த கண்கள் அப்படியே திரும்பிப் பின்சீட்டு மூலையில் இருந்த அனிதா மேரி மேல் விழுந்தன.

அனிதா மேரி பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டத்தின் லயத்து வீட்டில். அப்பன் அங்கே கூலி. தோட்டத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை மலையாளத்தில்தான் படித்தாள். ஞானதுரைக்கு வாக்கப்பட்டுக் கோம்பைக்கு வந்த பிறகு பஸ் போர்டையும் கடைப் பெயரையும் கூட்டிக் கூட்டிப் படித்துத் தமிழ் எழுத்துப் பழகினாள். கற்ற வித்தை கைவிடாது என்பார்கள். இவளையும் அது கைவிடவில்லை, கழுத்தைத்தான் பிடித்தது.

போன வருஷம் ஆடியிலும் இதே மெட்டில் இதே அரசாங்க எச்சரிக்கை ஊளை. அன்றைக்கு அவள் ஒளிவு மறைவில்லாமல் வாசித்துச் சொன்னாள். ரெட் அலர்ட், பலத்த காற்று வரும், மரம் விழும், தோட்ட வேலைக்குத் தடை. கேட்ட பெண்கள் பிள்ளைகுட்டிகளை நினைத்துப் பயந்து, ஜீப்பைத் திருப்பு என்று கூப்பாடு போட்டார்கள். ஆள் கூட்டிப்போகும் கங்காணிக்காரி செல்வமணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பினார்கள். அன்றைக்கென்று பார்த்து மலையில் ஒரு இலை அசையவில்லை. பளீரென்று வெயில். காற்று யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது? அது கடலிலேயே வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. பக்கத்து ஊரான தேவாரத்து ஜீப்புக்காரிகள் எந்த ஊளையையும் சட்டை செய்யாமல் போய், சாயங்காலம் கூலியோடு இறங்கி, கோம்பைக்காரிகளைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மறுநாள் முதலாளி கோம்பை ஆட்கள் காய் எடுக்கும் வரிசைகளில் பாதியைப் பிடுங்கித் தேவாரம் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஜீப்பைத் திருப்பச் சொன்னவர்கள் எல்லோரும், பழி மட்டும் வாசித்தவள் தலையில். ரெட்டு மேரி என்று பெயர் வைத்தார்கள். விடியக்காலையில் அவள் தெருமுனையில் ஜீப் மெதுவாகும். அவள் தூக்குவாளியோடு ஓடிவந்து படியில் கால் வைக்கிற நேரம் பார்த்துச் செல்வமணி முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொல்வாள்.

"இன்னைக்கு எடமில்லடி மேரி. காத்தடிக்கும், வீட்டுக்குள்ள பத்தரமா இரு."

ஜீப் சிரித்துக்கொண்டே போகும். நிற்காமல் போயிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். தினமும் நின்றுவிட்டுப் போனார்கள். வீட்டில் ஞானதுரை, வாழைத்தார் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, கட்டிலோடு கிடந்தான். அவள் ஜீப் ஏறினால்தான் உலை கொதிக்கும். கடைசியில் செல்வமணி வீட்டு வாசலில் போய் நின்று, "இனிமே எனக்கு மலையாளமே தெரியாதுக்கா" என்று சொல்லி அழுத பிறகுதான் மூலை இடம் திரும்பக் கிடைத்தது.

அந்த நாட்களில் அவளோடு முகம் கொடுத்துப் பேசியவள் ஜான்சி ஒருத்திதான். அடுத்த தெரு. புருஷன் கார்த்திக்ராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். மரவள்ளிக்கிழங்கு அவித்தால் ஒரு பங்கு, கருவாடு வறுத்தால் ஒரு பங்கு, கட்டிலில் கிடக்கிற மாமாவுக்கு என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். எல்லாம் சரி. ஆனால் ஒரு விடியலில் ஜீப் அனிதா மேரியை நிறுத்திவிட்டுப் போனபோது, பின்பக்கத்துப் படுதா விலகியது. உள்ளே எல்லாரோடும் சேர்ந்து ஜான்சியும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரே சிரித்ததைப் பொறுத்துக்கொண்ட அனிதா மேரிக்கு அந்த ஒரு சிரிப்பு மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. அதை அவள் ஜான்சியிடம் கேட்கவும் இல்லை, மறக்கவும் இல்லை.

இப்போது செல்வமணி முன்சீட்டிலிருந்து உடம்பை முழுசாகத் திருப்பினாள்.

"என்னா மேரி, மலையாளம் சுத்தமா மறந்துருச்சா, கொஞ்சம் மிச்சமிருக்கா? என்னா போட்டிருக்கான், படி பாப்பம்."

"ரெட்டாத்தேன் இருக்கும்," என்றாள் ஒருத்தி. ஜீப் முழுக்கச் சிரிப்பு.

அனிதா மேரி குனிந்து படித்தாள். முதல் வரியிலேயே ந்யூனமர்த்தம் என்று இருந்தது. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். காற்றுக்கும் கனம் உண்டு, அது எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டிருக்கிறது, ஓரிடத்தில் அழுத்தம் குறைந்தால் சுற்றியிருக்கும் காற்றெல்லாம் அந்த இடத்தைப் பிடிக்க ஓடிவரும், எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு ஓட்டம் என்றார். அப்போது அது மண்டையில் ஏறவில்லை. இந்த ஜீப்பில் ஏறிய பிறகு விளங்கியது. இங்கே ஒருத்தி இறங்கினால் அவள் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் இரண்டு பக்கத்து இடுப்பும் வந்து அந்த இடத்தை மூடிவிடும். கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது. மலையில் 60 கி.மீ. வேகத்தில் காற்று வீசும். மரத்தடியில் நிற்காதீர்கள், வேலை செய்யாதீர்கள், உறுதியான கட்டடத்துக்குள் இருங்கள். இவ்வளவுதான் செய்தி.

நிமிர்ந்தாள். செல்வமணி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது பயம். தெருமுனை, தூக்குவாளி, நின்றுவிட்டுப் போகிற ஜீப். அந்தப் பயத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றும் வந்தது. உண்மையைச் சொன்னதற்குத்தானே என்னை நாய் மாதிரி நிறுத்தினீர்கள், போங்கடி, போய் அனுபவியுங்கள். இப்படி ஒரு நினைப்பு தனக்குள் இருந்தது அவளுக்கே அதுவரை தெரியாது. அது கொஞ்சம் இனிக்கவும் செய்தது. தானும் அதே ஜீப்பில்தான் போகிறோம் என்பதுகூட அந்த நேரம் உறைக்கவில்லை.

"டெஸ்டிங்காம்க்கா," என்றாள். "சும்மா அடிச்சுப் பாக்குறாகளாம்."

"அதான பாத்தேன்," என்று செல்வமணி திரும்பிக்கொண்டாள். மறுபடி ஒரு தடவை கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. போனில் அந்த 60 எல்லார் கண்ணுக்கும் நேராகப் பளிச்சென்று இருந்தது. எண்ணுக்கு ஏது மலையாளம், ஏது தமிழ்? பஸ் நம்பர் பார்க்கத் தெரிந்த எவளும் படித்திருக்கலாம். படிக்காமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. மெட்டில் ஏறும்போது வழக்கம்போலக் காது அடைத்தது. எச்சில் விழுங்கிக் காதைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் இறங்கினார்கள்.

ஏலத்தோட்டம் என்றால் வெளியே இருப்பவர்களுக்குச் செடி ஞாபகம் வரும். உள்ளே போனால் தெரிவது மரம்தான். அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற மரங்கள். ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதற்காகவே வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். ஆனி முழுக்கப் பெய்த மழையில் வேர்ப்பிடி மண் குழம்பு மாதிரி ஆகியிருந்தது. அன்றைக்குக் குருவிச் சத்தம் இல்லை. வானம் தாழ்ந்து, வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. காய் உலர்த்துகிற ஸ்டோர் கட்டடத்துக்கு முன்னால் நின்று செல்வமணி ஆளுக்கொரு வரிசை பிரித்துவிட்டாள். ஜான்சிக்குக் கிடைத்தது ஸ்டோரை ஒட்டிய ஓர வரிசை. அதற்கு மேல் மரம் கிடையாது, நாலு எட்டு வைத்தால் கட்டடம். அனிதா மேரிக்கு நடு வரிசை. தலைக்கு மேல் இரண்டு பெரிய மரங்கள்.

அங்கேதான் அவள் அதைச் செய்தாள். மெட்டில் சொன்ன பொய்க்குச் செல்வமணி காரணம், வயிறு காரணம் என்று பிற்பாடு நூறு சொல்லிக்கொள்ளலாம். இதற்கு எதையும் சொல்ல முடியாது.

"ஜான்சி, எனக்குத் தலை கிறுகிறுன்னு வருதுடி. ஒன் வரிசைய எனக்குக் குடுக்குறியா? வெளிச்சமா இருக்கும்."

"எடுத்துக்கக்கா. இதுக்கு ஒரு கேள்வியா?" ஜான்சி கூடையைத் தூக்கி இடுப்பில் கட்டினாள். இரண்டு எட்டு போனவள் திரும்பி நின்றாள். "ஏக்கா, நெசமா டெஸ்டிங்தானா? இம்புட்டு நீளமா போட்டிருந்தான்."

செல்வமணி அப்போது பக்கத்தில் இல்லை. கேட்கிறதற்கு வேறு காதும் இல்லை. ஜான்சி ஒருத்திக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வரிசையை ஏன் மாற்றினாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டும். படுதா விலகியபோது பார்த்த சிரிப்பு அனிதா மேரிக்கு ஞாபகம் வந்தது. வந்ததா, தேவைப்பட்டது என்பதால் கூப்பிட்டுக்கொண்டாளா என்பது அவளுக்கும் கர்த்தருக்கும் தெரியும்.

"ஆமாடி. போய் வேலையப் பாரு," என்றாள்.

மதியச் சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால் காது அடைத்தது. மலை ஏறும்போது அடைக்கிற மாதிரி. நின்ற இடத்தில் நிற்கும்போது ஏன் அடைக்கிறது என்று அனிதா மேரி எச்சிலை விழுங்கினாள். திறக்கவில்லை. அது காற்றினால்தானோ, பயத்தினால்தானோ. மரங்களின் உச்சி மட்டும் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. பிறகு பள்ளத்துப் பக்கமிருந்து லாரி ஏறிவருவது போல ஒரு இரைச்சல். அவள் கூடையைப் போட்டுவிட்டு ஸ்டோருக்குள் ஓடினாள். முதல் ஆளாக உள்ளே போனவள் அவள்தான்.

மற்றவர்கள் ஓடவில்லை. தோட்டத்து நடைமுறை அப்படி. மழை காற்று வந்தால் வரிசையை விட்டு வரக்கூடாது. வந்தால் அரை நாள் கூலி போச்சு. தலையில் போட்டிருக்கிற பிளாஸ்டிக் கொங்காணியை இறுக்கிக்கொண்டு பக்கத்து மரத்தில் முதுகை ஒட்டி நின்று, மழை விட்டதும் வேலையைத் தொடர வேண்டும். காலம்காலமாகப் பெரிய மரத்தைத்தான் பெண்கள் தேடிப் போவார்கள். பெரிய மரம் விழாது என்று ஒரு நம்பிக்கை. டெஸ்டிங் என்று நம்பியவர்கள் வேறெதைச் செய்வார்கள்? அனிதா மேரி ஸ்டோர் வாசலில் நின்று ஜான்சி, ஜான்சி என்று கத்தினாள். கத்தினாள் என்பது உண்மை. அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. நீலக் கொங்காணி போட்ட உருவம் ஒன்று நடு வரிசையில் பெரிய மரத்தோடு ஒட்டி நிற்பது தெரிந்தது. வாசலைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். அடுத்த காலை வைக்கவில்லை.

மரம் முறியவில்லை. வேரோடு, அவசரமே இல்லாமல், மண்ணைத் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. ஜான்சி நிற்கிற பக்கமாகவே சாய்ந்தது.

ரம்பம் கொண்டுவந்து அறுத்து எடுக்க நேரமாகிவிட்டது. ஏலக்காய்ச் சாக்கு இரண்டைச் சேர்த்துக் கட்டி உடலைத் தூக்கிவந்தார்கள். வேறு வண்டி ஏற முடியாது, பாதையெல்லாம் கிளை. அதே ஜீப்பில்தான் இறக்கினார்கள். நடுவில் தரையில் ஜான்சியைக் கிடத்தி, பெண்கள் சீட்டில் நெருக்கிக் காலைத் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் சத்தம் போட்டு அழவில்லை. மெட்டு தாண்டி இறங்கத் தொடங்கியதும் செல்வமணி மெதுவாகப் பேசினாள். குரலில் கோபம் இல்லை, பாடம் சொல்லிக்கொடுக்கிற நிதானம் இருந்தது.

"போலீஸ்காரக வருவாக, கேப்பாக. யாரும் பொய் சொல்ல வேணாம் ஆத்தா. போன் அடிச்சுச்சு. நமக்கு மலையாளம் தெரியாது. தெரிஞ்சவ படிச்சா. டெஸ்டிங்னு சொன்னா. நம்பிப் போனோம். அம்புட்டுத்தேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையை ஆட்டினார்கள். செல்வமணி கையை நீட்டி அனிதா மேரியின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ ஒண்ணும் மனசுல போட்டுக்காத. தெரியாமத் தப்பாப் படிச்சுட்ட. நாளப்பின்ன நீ முன்சீட்டுல என் பக்கத்துலயே ஒக்காந்துக்க. ஒன்ன யாரும் ஒரு வார்த்தை சொல்லாம நான் பாத்துக்கிறேன்."

அனிதா மேரிக்கு அந்தக் கையைத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. வளைவுக்கு வளைவு ஜீப் ஆடியபோது தரையில் கிடந்த ஜான்சியின் தலை அவள் பாதத்தில் வந்து வந்து முட்டியது. காலை எடுக்க இடமும் இல்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். கார்த்திக்ராஜ் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் மரநிழலிலேயே ஷாமியானா, அதன் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலி நிறைய ஊர். பாஸ்டர் இன்னும் வந்துசேரவில்லை. ஜீப்புப் பெண்கள் எல்லோரும் செல்வமணியைச் சுற்றி ஒரே கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். அனிதா மேரி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கூடப் பிறக்காத குறைதான், எப்படிப் பழகினாக ரெண்டு பேரும் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். காலையில் கார்த்திக்ராஜ் அவளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். தண்ணி தவிக்குதுன்னு சொன்னாளா மதினி? இல்லை என்றாள். அதையாவது உண்மையாகச் சொல்ல முடிந்தது.

அப்போது போன்கள் ஊளையிட்டன.

எல்லார் போனும். சட்டைப் பையில், இடுப்பில், நாற்காலிக்கடியில் கிடந்த பைகளில். ஜீப்புப் பெண்கள் அடிபட்டது போல எழுந்து நின்றுவிட்டார்கள். இது மலைக்கு இந்தப் பக்கம். எழுத்துத் தமிழ். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முன்வரிசையில் இருந்த வாத்தியார் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வழக்கப்படி எல்லோருக்குமாகச் சத்தமாக வாசித்தார். காற்றழுத்தத் தாழ்வு காரணமாகத் தேனி மாவட்டத்தில் 60 கி.மீ. வேகத்தில் பலத்த காற்று வீசும். மரங்களின் கீழ் நிற்க வேண்டாம். உறுதியான கட்டடங்களுக்குள் இருக்கவும்.

கார்த்திக்ராஜ் சட்டைப் பையில் இரண்டு போன் இருந்தது. ஒன்று அவனுடையது. இன்னொன்று ஆஸ்பத்திரியில் ஜான்சியின் தூக்குவாளிப் பையோடு கொடுத்தது. அடித்து அடங்காமல் இருந்தது அதுதான். எடுத்து, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் விரலால் தள்ளினான். தள்ளியதில் இன்றைய செய்திக்குக் கீழே நேற்றையது வந்து நின்றது. அதே சிவப்பு முக்கோணம். அதே நீளம். அவன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு பெட்டியைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்து, அனிதா மேரிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மதினி, மேல ஒரு அறுவது இருக்கு. கீழயும் ஒரு அறுவது இருக்கு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "டெஸ்டிங்னு சொன்னீகளாம். டெஸ்டிங்குக்கு எதுக்கு அறுவது? கீழ உள்ளத எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். செல்வமணி அவள் கண்ணைப் பார்க்காமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வேப்பமரம் ஒருமுறை பெருமூச்சு விட்டது போல அசைந்தது, ஷாமியானா துணி உப்பி எழுந்து தொய்ந்தது. வாத்தியார் எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, செய்தியில் போட்டிருந்தபடியே ஊர் மொத்தமும் மரத்தடியை விட்டுத் தெருவுக்கும் எதிர்வீட்டுக்குள்ளும் விலகிப் போனது. பெட்டியைத் தூக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மரத்தின் கீழ் ஜான்சி கிடந்தாள். கார்த்திக்ராஜ் அனிதா மேரி முன்னால் போனை நீட்டியபடி இருந்தான். மேலே காற்றுக்கு வேப்பம்பழங்கள் பெட்டி மூடியின் மேல் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.